அவித்தாலும் அடங்காத மா

கோதுமை மாவைத் துணியில் கட்டி ஆவியில் அவித்து, கட்டி உடைத்து, சூடு ஆறுமுன் அரிதட்டில் அரித்து வைத்துக்கொள்வது நம் வீடுகளில் வழக்கம். புட்டுக்கும் இடியப்பத்துக்கும் அந்த மாதான் கைகொடுக்கும். அவிக்காத மாவில் தண்ணீர் விட்டால் அது ரொட்டிக்குக் குழைத்த மாவாகிவிடும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், இடியப்ப உரலில் போட்டால் பிழிகிறவரின் கை ஓய்ந்துவிடும். அவித்த மாவிடம் அந்த முரண்டு இல்லை. தண்ணீர் தெளித்தால் உதிரி உதிரியாக நிற்கும், குழலில் அடைத்தால் புட்டாகும். எந்த இரசாயனப் பாடமும் படிக்காமல், கோதுமைப் புரதத்தின் இயல்பைச் சூட்டால் மாற்றும் வித்தையை நம் அம்மாக்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

அந்தப் புரதத்தைக் கண்ணால் பார்ப்பதும் சுலபம். அவிக்காத மாவைக் குழைத்து, எலுமிச்சம்பழ அளவு உருட்டி, ஒரு கோப்பைத் தண்ணீருக்குள் வைத்துப் பிசையுங்கள். தண்ணீர் பாலாக வெளுக்கும், அது மாச்சத்து. தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவினால் கடைசியில் கையில் மிஞ்சுவது சாம்பல் மஞ்சளான, இறப்பர் போன்ற ஒரு சிறு உருண்டை. அதுதான் குளூட்டன். இத்தாலியின் பொலோஞா நகரில் பெக்காரி என்பவர் இதைச் செய்து பார்த்து 1745-இல் அச்சிட்டார். கிளையடின், குளூட்டனின் என்ற இரண்டு புரதக் கூட்டங்கள் கைகோத்து நிற்பதால் வரும் குணம் இது. பராட்டா மாஸ்டர் மாவை வீசி வீசிப் பட்டுத்துணி போல மெலிதாக்குவதும், பாண் வெதுப்பும்போது உப்பி நிற்பதும் இதனால்தான். ஆவியில் அவிக்கும்போது இந்தப் புரதங்கள் சூட்டில் உருக்குலைந்து ஒன்றோடொன்று இறுகிக்கொள்கின்றன. பிறகு தண்ணீர் விட்டாலும் வலை பின்ன முடியாது.

ஆனால் உருக்குலைவது புரதத்தின் மடிப்புத்தான். அமினோ அமிலங்கள் எந்த வரிசையில் கோக்கப்பட்டனவோ அந்த வரிசையை ஆவியோ தோசைக்கல்லோ பேக்கரிப் போறணையோ தொடுவதில்லை. குளூட்டனால் சிறுகுடல் பழுதாகும் சீலியாக் நோய் உள்ளவரின் குடல் பார்ப்பது அந்த வரிசையைத்தான். அதனால்தான் கண்டியில் ஒருவருக்கு இந்த நோய் என்று உறுதியான அன்றைக்கே வீட்டில் சொல்லவேண்டிய முதல் விஷயம், அவித்த மாவும் கோதுமை மாதான் என்பது.

சாதாரணமாக நாம் தின்னும் புரதத்தை வயிற்றிலும் சிறுகுடலிலும் சுரக்கும் நொதியங்கள் பொடிப்பொடியாக வெட்டிவிடும். கிளையடினில் புரோலின், குளூட்டமின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் நெருக்கி நெருக்கி வருவதால் அந்தக் கத்திகள் அங்கே மழுங்கிப்போகின்றன. 33 அமினோ அமிலங்கள் நீளமுள்ள ஒரு துண்டு எந்த நொதியத்துக்கும் மசியாமல் முழுசாக மிஞ்சுவதை 2002-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இப்படி மிஞ்சும் துண்டுகள் எல்லோருடைய குடலிலும் உண்டு. பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆவதில்லை. சிலருக்கு மட்டும் அவை குடற்சுவரைத் தாண்டி உள்ளே போனதும் ஒரு சங்கிலி தொடங்குகிறது. அங்கே திசுக்களைப் பழுதுபார்க்கவென்று இருக்கும் டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதியம், துண்டிலுள்ள குளூட்டமினைக் குளூட்டமிக் அமிலமாக மாற்றுகிறது. மாறிய துண்டு, நோயெதிர்ப்புக் கலங்களின் மேற்பரப்பில் இருக்கும் டீகியூ2 அல்லது டீகியூ8 என்ற ஏந்திகளில் கச்சிதமாகப் போய் உட்காருகிறது. அதைப் பார்த்த டீ கலங்கள் எதிரி வந்துவிட்டதாக அலறுகின்றன. அழற்சி பரவுகிறது. கூத்து என்னவென்றால், உடல் கோதுமைக்கு எதிராக மட்டும் பிறபொருளெதிரிகளைச் செய்யாமல், தன்னுடைய சொந்த டிரான்ஸ்குளூட்டமினேஸுக்கு எதிராகவும் செய்துவிடுகிறது. 1997-இல் ஜெர்மனிய ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தபின்தான் இரத்தப் பரிசோதனையில் இந்த நோயைத் தேடுவது எளிதானது. ஆகவே இது இறால் ஒவ்வாமை மாதிரியான ஒவ்வாமை அல்ல, உணவு தூண்டிவிடும் தன்னெதிர்ப்பு நோய்.

அடி வாங்குவது சிறுகுடலின் உட்புறம். நல்ல சிறுகுடலின் உட்பரப்பு புதிய தேங்காய்ப்பூத் துவாய் போல, நெருக்கமான சிறு விரல்களால் மூடப்பட்டிருக்கும். உணவுச் சத்தெல்லாம் அந்த விரல்கள் வழியாகத்தான் இரத்தத்துக்குள் போகும். அழற்சி நீடித்தால் விரல்கள் தேய்ந்து, பழைய துவாயைப் போல மொட்டையாகிவிடும். அதிக அடி விழுவது சிறுகுடலின் தொடக்கத்தில். இரும்பும் கல்சியமும் போலேட்டும் உறிஞ்சப்படுவது பெரும்பாலும் அங்கேதான். அதனால் வயிற்றோட்டமே இல்லாமல், விடாத களைப்பு, இரும்பு மாத்திரைக்கு அசையாத இரத்தச்சோகை, திரும்பத் திரும்ப வரும் வாய்ப்புண், வயதுக்கேற்ற உயரம் வராத பிள்ளை, நாற்பதிலேயே பலமிழந்த எலும்பு, காரணம் தெரியாத கருச்சிதைவு என்று ஏதாவது ஒரு கோலத்தில் இது வரலாம். முழங்கையிலும் முழங்காலிலும் அரிப்போடு கொப்புளம் போடும் ஒரு தோல்நோய்கூட இதன் இன்னொரு முகம்.

இலண்டனின் குழந்தை வைத்தியர் சாமுவேல் ஜீ 1888-இல் இதைத் தெளிவாக வர்ணித்தபோது, குணம் கிடைப்பதானால் அது சாப்பாட்டால்தான் கிடைக்கும் என்று சரியாக ஊகித்திருந்தார். எந்தச் சாப்பாடு என்பதில்தான் கோட்டைவிட்டார். பாணை மெலிதாக வெட்டி இரண்டு பக்கமும் நன்றாக வாட்டிக் கொடுக்கலாம் என்றார் அவர். ஒல்லாந்துக் கடற்சிப்பி இறைச்சியை நாள்தோறும் தின்ற ஒரு பிள்ளை தேறியதும், சிப்பிப் பருவம் முடிந்ததும் மறுபடி படுத்ததும் அவர் எழுத்தில் இருக்கிறது. பிள்ளை சிப்பியால் தேறியதா, சிப்பி நிரம்பிய வயிற்றில் பாணுக்கு இடமில்லாமல் போனதால் தேறியதா என்று இன்றைக்கு நமக்குக் கேட்கத் தோன்றுகிறது. வாட்டிய பாணும் அவித்த மாவும் ஒரே பிழையின் இரண்டு பக்கங்கள்.

விடையைக் கண்டவர் ஒல்லாந்தின் ஹேக் நகரக் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே. 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மனிய முற்றுகையால் ஒல்லாந்தில் பஞ்சம் வந்தது, பாண் அற்றுப்போனது, சீலியாக் பிள்ளைகள் மட்டும் தேறினார்கள், உடனே அவருக்குப் பொறிதட்டியது என்று கதையைச் சுருக்கிச் சொல்வார்கள். உண்மையில் கோதுமைமேல் அவருக்குச் சந்தேகம் 1930களிலேயே இருந்தது. கோதுமையில்லாத உணவை அப்போதே கொடுத்துப் பார்த்திருந்தார். பஞ்சம் அந்தச் சந்தேகத்தை வலுப்படுத்தியது. போர் முடிந்தபின் பிள்ளைகளுக்குக் கோதுமையைக் கொடுத்தும் நிறுத்தியும், மலத்தில் கழியும் கொழுப்பை அளந்து 1950-இல் ஆய்வேடாக எழுதினார். கோதுமையும் ரை தானியமும் கெடுதி, அரிசியும் சோளமும் கெடுதியில்லை என்பது அப்போதுதான் நிலைபெற்றது. பார்லியும் கெடுதிப் பட்டியலைச் சேர்ந்தது.

ஐரோப்பாவின் ஒரு மூலையில் போர் கோதுமையைப் பறித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே போர் இலங்கையின் சட்டியில் கோதுமையைப் போட்டது. அன்றைய இலங்கை தின்ற அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து வந்தது. 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் கப்பல்கள் நின்றன. பங்கீட்டுக் கூப்பனில் அரிசி குறைந்து கோதுமை மா ஏறியது. பர்மாவை மீட்கும் போரை நடத்திய மவுண்ட்பேட்டனின் தலைமையகம் 1944 ஏப்ரலில் வந்து இறங்கியது பேராதனைப் பூங்காவுக்குள். இன்றைக்கு நாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுக்கும் அதே பூங்கா. பர்மா மீண்டது, அரிசிக் கப்பலும் திரும்பியது, ஆனால் கோதுமை மா திரும்பிப் போகவில்லை.

தோட்டப் பக்கம் அது இன்னும் ஆழமாக ஊன்றியது. ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் தேயிலை நட்ட லூல்கந்துர, அதையடுத்த தெல்தோட்டை, கலஹா, இந்தப் பக்கம் ஹந்தானை, அந்தப் பக்கம் புசல்லாவை என்று எந்தத் தோட்டத்து லயத்தை எடுத்தாலும் காலைக்கு ரொட்டி, மலைக்குக் கட்டிக்கொண்டு போவதும் ரொட்டி. விடியுமுன் அடுப்பு மூட்டி, பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கொழுந்துக்கு ஓடுகிற அம்மாவுக்கு ரொட்டியை விட்டால் வேறு வழி ஏது? சோறு ஆறும், குழம்பு சிந்தும்; ரொட்டியும் சம்பலும் துணியில் முடிந்தால் மதியம்வரை நிற்கும். தோட்டமே மாவைக் கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொண்ட காலமும் உண்டு. 1973–74இல் மாவும் அரிசியும் சேர்ந்து தட்டுப்பட்டபோது தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்ததை வயதானவர்கள் மறக்கவில்லை. 1980-இல் திருகோணமலை சீனன்குடாவில் பிறிமா ஆலை அரைக்கத் தொடங்கியபின் மா தட்டுப்பாடில்லாத பொருளானது; இலங்கையில் கோதுமை விளைவதில்லை, ஆனாலும் எளிதாகக் கிடைக்கும் தானியமாகிவிட்டது. 2022 ஜனவரியில், பொருளாதார நெருக்கடி முற்றும் நேரத்தில், அரசு தோட்டக் குடும்பங்களுக்கென்று அறிவித்த நிவாரணமும் மாதான்: மாதம் 15 கிலோ, கிலோ 80 ரூபாவுக்கு.

அந்த 15 கிலோவைக் கொஞ்சம் வகுத்துப் பார்ப்போம். முப்பது நாள், நான்கு பேர் என்றால் தலைக்கு ஒரு நாளைக்கு 125 கிராம். இதை எதற்காகக் கணக்குப் பார்க்கிறேன் என்றால், வேலூரிலிருந்து ஒரு எண் இருக்கிறது.

இந்தியாவில் சீலியாக் நோய் வடக்கத்தியாரின் நோய் என்றே வெகுகாலம் நம்பப்பட்டது. அதற்கும் முன்னால் அது வெள்ளைக்காரரின் நோய். 1966-இல் வட இந்தியப் பிள்ளைகளிடம் கண்டதாக வைத்தியர்கள் எழுதியபோதுதான் அந்த எண்ணம் உடைந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நீண்டகாலம் பணியாற்றிய பாலகிருஷ்ணன் ராமகிருஷ்ணாவும் கூட்டாளிகளும் வட இந்தியா, வடகிழக்கு, தெற்கே வேலூர் என்று மூன்று இடங்களில் 23,331 பேரைப் பரிசோதித்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். நோய்க்குரிய பிறபொருளெதிரி வடக்கில் நூற்றுக்கு 1.23 பேரிடம் இருந்தது, வேலூரில் 0.10 பேரிடம். பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். சரி, தெற்கத்தியாரிடம் டீகியூ ஏந்திகளுக்கான மரபணு இல்லைபோலும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அதையும் பார்த்தார்கள். டீகியூ2 அல்லது டீகியூ8 மரபணு வடக்கில் நூற்றுக்கு 38.1 பேருக்கு, தெற்கில் 36.4 பேருக்கு. கிட்டத்தட்ட சமம். சமமில்லாதது தட்டுத்தான். நாளொன்றுக்கு வடக்கில் சராசரி 455 கிராம் கோதுமை, தெற்கில் 25 கிராம்.

கோதுமையின் அளவு மட்டும்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவிவிடவில்லை. மரபணுவில் உட்பிரிவுகள் உண்டு, குடற்கிருமிகள் உண்டு, சிறுவயதில் வந்த தொற்றுகள் உண்டு. ஆனாலும் அளவுக்குப் பங்கிருக்கிறது என்பதற்கு சுவீடன் சாட்சி. 1980களின் நடுவிலிருந்து பத்தாண்டுக்கு மேல் அங்கே குழந்தைகளிடையே சீலியாக் நோய் கொள்ளை நோய் போல ஏறியது. கைக்குழந்தைகளுக்குக் கொடுத்த தானிய உணவில் குளூட்டன் கூடியதும், தாய்ப்பால் நின்றபின் அதைத் திடீரென்று தொடங்கியதும் அதற்கு முக்கிய காரணங்களாகச் சொல்லப்பட்டன. கொடுக்கும் முறையை மாற்றியதும் எண்ணிக்கை இறங்கியது.

இனி நம் கணக்குக்கு வரலாம். மலையக மக்களின் முன்னோர் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரைப் பக்கங்களிலிருந்து கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் நடந்தும் கப்பலேறியும் வந்தவர்கள். வேலூர் ஆய்வு கண்ட மரபணுதான் அவர்களிடமும் இருக்கும் என்று எதிர்பார்ப்பதில் பிழையில்லை. தட்டு மட்டும் மாறிவிட்டது. நிவாரண மாவை மட்டும் எடுத்தாலே தலைக்கு 125 கிராம், வேலூரின் ஐந்து மடங்கு. கடையில் வாங்கும் பாணும் பணிசும் பிஸ்கட்டும் அதற்கு மேல். சோற்று நாட்டில் சீலியாக் நோய் அபூர்வம் என்ற பழைய நம்பிக்கையை ரொட்டி தின்னும் மலைக்கு அப்படியே பொருத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. தேடவேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று என்பதே என் கட்சி.

தேடினால் குழப்பங்களும் கூடவே வரும். சீலியாக் போலவே குடல் விரல்களைத் தேய்க்கும் இன்னொரு நோய்க்குப் பழைய ஆங்கில வைத்திய நூல்களில் ‘சிலோன் வாய்ப்புண்’ என்று பெயர். வெப்பமண்டல ஸ்புரூ என்று பிற்காலத்தில் அழைக்கப்பட்டது அதுதான். நாக்கு சிவந்து புண்ணாகும், வயிறு ஊதும், வெளுத்த மலம் போகும், ஆள் உருகுவார். அதற்குக் கோதுமை காரணமல்ல. வட ஆற்காட்டில் 1960களின் தொடக்கத்தில் அது கிராமம் கிராமமாகப் பரவியபோது வேலூர் வைத்தியர்கள் நுணுக்கமாகப் படித்தார்கள். போலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும் கொடுத்தால் அடங்கும். இரண்டையும் நுணுக்குக்காட்டியில் மட்டும் பார்த்துப் பிரிப்பது கடினம். இங்கே இரத்தப் பரிசோதனை கைகொடுக்கும்.

பெரிய மறைப்பு இரத்தச்சோகைதான். மலைநாட்டில் வெளிறிய முகத்தோடு ஒரு பெண் கிளினிக்குக்கு வந்தால் வைத்தியர் மனதில் வரும் காரணங்கள் வரிசையாக நிற்கும்: போதாத சாப்பாடு, மாதவிடாய், அடுத்தடுத்த பிள்ளைப்பேறு, கொக்கிப்புழு. கொக்கிப்புழுவுக்கு இந்தப் பக்கம் நீண்ட வரலாறு உண்டு. ரொக்பெல்லர் நிறுவனத்தின் புழு ஒழிப்பு இயக்கம் இலங்கையில் 1916-இல் மாத்தளைத் தோட்டங்களில்தான் தொடங்கியது. சாப்பாட்டோடு குடிக்கும் சாயத் தண்ணீரும் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும், அதுவும் பொய்யில்லை. புழுமாத்திரை கொடுத்தாயிற்று, இரும்பு மாத்திரையும் மாதக்கணக்கில் கொடுத்தாயிற்று, ஹீமோகுளோபின் அசையவில்லை என்றால்? மாத்திரையைக் குப்பையில் போட்டிருப்பாள் என்று முடிவுகட்டுமுன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று பாக்கியிருக்கிறது.

இதில் நம் பண்பாடும் ஒரு கை கொடுக்கிறது, தவறான பக்கத்தில். வயிறு சரியில்லை என்றால் வீட்டில் என்ன சொல்வார்கள்? “சோறு வேணாம் புள்ள, லேசா ரெண்டு துண்டு பாண் சாப்பிடு.” வைத்தியசாலையில் கிடப்பவரைப் பார்க்கப் போகிறவர் கையில் மாரி பிஸ்கட் பொதியும் ஒரு நெஸ்டமோல்ட் போத்தலும் இருக்கும். பாண் கோதுமை, மாரி கோதுமை, மோல்ட் என்றால் முளைகட்டிய பார்லி. சீலியாக் நோயாளி ஒருவருக்கு அக்கறையோடு நஞ்சூட்டுவதற்கு இதைவிட நேர்த்தியான பட்டியல் கிடைக்காது. சுகமில்லாதபோது இன்னும் சுகமில்லாமல் போவதை யாரும் பாணின்மேல் போடமாட்டார்கள். நோய் முற்றிவிட்டது என்றே நினைப்பார்கள்.

பரிசோதனையின் முதல் படி, டிரான்ஸ்குளூட்டமினேஸுக்கு எதிரான ஐஜிஏ வகைப் பிறபொருளெதிரியை இரத்தத்தில் தேடுவது. சிலருக்குப் பிறவியிலேயே ஐஜிஏ சுரப்பதில்லை. அவர்களிடம் இந்தச் சோதனை பொய்யாக ‘இல்லை’ என்று சொல்லும் என்பதால் மொத்த ஐஜிஏயையும் சேர்த்து அளப்பார்கள். ‘உண்டு’ என்று வந்தால் அடுத்தது அகநோக்கி. கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனைப் போதனா வைத்தியசாலையிலும் வயிற்றுப்புண்ணுக்காகப் பலர் விழுங்கிய அதே குழாய்தான். வயிற்றைத் தாண்டிச் சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து நான்கைந்து சிறு துண்டுகளைக் கிள்ளி எடுத்துப் பார்ப்பார்கள். பிள்ளைகளுக்கு, இரத்தத்தில் அளவு வழமையின் பத்து மடங்குக்கு மேலிருந்து இன்னொரு சோதனையும் ஒத்துப்போனால், ஐரோப்பிய வழிகாட்டுதல் குழாயையே தவிர்க்கலாம் என்கிறது.

இவை எல்லாம் சரியாக வர ஒரு நிபந்தனை: சோதனை முடியும்வரை கோதுமை தின்றுகொண்டிருக்கவேண்டும். இணையத்தில் எதையோ பார்த்துவிட்டு ஒரு மாதம் பாணை நிறுத்திவிட்டு வருகிறவரின் இரத்தமும் குடலும் உண்மையைச் சொல்லாது. பிறகு மறுபடி பல வாரம் ரொட்டி தின்னவைத்துச் சோதிக்கவேண்டும். அது அவருக்கும் கஷ்டம், வைத்தியருக்கும் கஷ்டம்.

நோய் உறுதியானால் மருந்து இல்லை, உணவுதான் மருந்து. ஆயுள் முழுக்க. இங்கேதான் நாம் ஐரோப்பியரைவிடக் கொடுத்துவைத்தவர்கள். ஒரு ஜெர்மனியர் குளூட்டன் இல்லாத பாணைத் தேடி அலையவேண்டும். நமக்குச் சோறு, பால்சோறு, அரிசி மாப் புட்டு, குரக்கன் பிட்டு, மரவள்ளி, பலாக்கொட்டை, பயறு, கௌபி, உளுந்து, கித்துள் மாக் கஞ்சி, எல்லாம் அடுப்படியிலேயே இருக்கின்றன. பெரிய அங்காடிகளில் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று ஒட்டி, கடல் தாண்டி வந்த பிஸ்கட்டை மூன்று மடங்கு விலைக்கு வாங்கவேண்டிய அவசியம் ஒன்றுமில்லை. நோயே இல்லாமல் நாகரிகத்துக்காக அதை வாங்குகிறவர்களைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல் எங்கே என்றால், நம்முடைய அரிசிப் பண்டம் பல, வெளியே போனால் அரிசிப் பண்டமாக இருப்பதில்லை. ஒரு கடையில் நின்று கேட்டுப் பாருங்கள்.

“அண்ணே, இந்த இடியப்பம் அரிசி மாதானே?”

“அரிசி மாதான் தம்பி.”

“கோதுமை மா ஒண்ணும் சேக்கலியே?”

“கொஞ்சூண்டு சேப்போம். இல்லாட்டி ஒடஞ்சிரும்ல.”

அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணில் அது அரிசி இடியப்பம்தான். இதே ‘கொஞ்சூண்டு’ அப்ப மாவிலும் உண்டு. மா புளித்து வர ஒரு துண்டு பாணைக் கரைத்துவிடுகிறவர்களும் உண்டு. கடைக் குரக்கன் ரொட்டியின் கறுப்பு நிறத்தை நம்பினால் மோசம்போவோம்; உருட்ட வரவேண்டும் என்பதற்காகப் பாதிக்குப் பாதி கோதுமை மா. யாழ்ப்பாணத்து முறையில் சுடும் தோசையிலும் கோதுமை மா சேர்ப்பது வழக்கம். சம்பல், சோறு, பருப்புக் கறி மூன்றும் நிரபராதிகள். சாம்பாரில் விழும் கூட்டுப் பெருங்காயம் அப்படியில்லை, அந்தத் தூளின் உடம்பே பெரும்பாலும் கோதுமை மாதான். கட்டுகலைப் பிள்ளையார் கோயில் போன்ற கோயில்களில் அன்னதானத்துக்கு உட்காருகிறவருக்குச் சோறும் தயிரும் பயமில்லை, சாம்பாரை விசாரிக்கவேண்டும், கேசரி ரவை என்பதால் கும்பிட்டுவிட்டு நகரவேண்டும். ஃப்ரைட் ரைஸில் சோயா சோஸ், அதன் மூலப்பொருளில் கோதுமை. கட்லட்டின் உள்ளே உருளைக்கிழங்கு, வெளியே பாண் தூள். நீரிழிவுக்காரர் வீடுகளில் புகுந்திருக்கும் ஓட்ஸ் தன்னளவில் பெரும்பாலானோருக்குக் கெடுதியில்லை, ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்தே வருகிறது. கத்தோலிக்கருக்கு நற்கருணை அப்பமும் கோதுமையே. குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்தை வத்திக்கான் அனுமதிக்கிறது, இரசத்தை மட்டும் பெறவும் வழியுண்டு, பங்குத் தந்தையிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும்.

‘கொஞ்சூண்டு’ எவ்வளவு கெடுக்கும்? ஒரு துண்டு பாணில் ஏறக்குறைய 2 கிராம் குளூட்டன் இருக்கும். நாளுக்கு 50 மில்லிகிராமைத் தொடர்ந்து உண்டாலே குடல் விரல்கள் தேய்வதை 2007-இல் ஒரு இத்தாலிய ஆய்வு காட்டியது. அதாவது அந்தத் துண்டை நாற்பதாகப் பிய்த்தால் ஒரு பங்கு. குளூட்டன் இல்லாதது என்று எழுதிக்கொள்ளச் சர்வதேச உணவு நியமமான கோடெக்ஸ் விதித்திருக்கும் எல்லை கிலோவுக்கு 20 மில்லிகிராம். இந்த அளவுகளைப் பார்த்தால் வீட்டிலும் எச்சரிக்கை தேவை என்பது விளங்கும். கோதுமை மா அரித்த அரிதட்டின் கண்ணிகளில் மா ஒட்டியே இருக்கும், எவ்வளவு கழுவினாலும் போகாது. நோயாளிக்கு வேறு அரிதட்டு. நீத்துப்பெட்டியும் அப்படித்தான், ஓலைப் பின்னலுக்குள் போன மாவை யாரால் எடுக்கமுடியும்? இடியப்ப உரல், ரொட்டிக்கல், எண்ணெய்ச் சட்டி ஆகியவற்றில் உலோகமானவற்றைத் தேய்த்துக் கழுவினால் போதும். ரோல்ஸ் பொரித்த எண்ணெயில் பப்படம் பொரிக்கக்கூடாது. கடையில் சாக்கிலிருந்து நிறுத்துத் தரும் அரிசி மாவும் ஆபத்து, பக்கத்துச் சாக்குக்கும் அதே அகப்பைதான். அரிசியை வாங்கி ஊறவைத்து வீட்டில் இடிப்பதோ, சொந்தமாக அரைப்பதோ மேல்.

இத்தனையும் லயத்து அறையில் ஒரே அடுப்பில், விடியுமுன் நடக்கவேண்டும் என்பதை யோசித்துவிட்டே வைத்தியர் அறிவுரை சொல்லவேண்டும். அரிசி மாவுக்கு ஆகும் செலவும் நேரமும் ரொட்டியைவிட அதிகம். இரவில் ஒரு சுண்டு அரிசி கூடப் போட்டுவிட்டு, காலையில் அந்தச் சோற்றைச் சம்பலோடு பிசைந்து பொதிகட்டுவதுதான் பல வீடுகளுக்கு நடக்கக்கூடிய காரியம். பழஞ்சோறு நமக்குப் புதிசில்லை.

சோறு மட்டும் தின்றால் நார்ச்சத்தும் விற்றமின்களும் குறையும், குடல் தேறி உறிஞ்சத் தொடங்கியதும் எடை ஏறும். தவிடு நீக்காத சிவப்பரிசியும் குரக்கனும் அங்கே உதவும். குரக்கனில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராம் அளவு கல்சியம் இருக்கிறது, பலமிழந்த எலும்புக்கு அது வேண்டியதே. களைப்பும் வயிற்று உபாதையும் சில வாரங்களில் விலகத் தொடங்கும். இரத்தத்தில் பிறபொருளெதிரி இறங்க ஆறு மாதம், ஒரு வருடம். குடல் விரல்கள் பிள்ளைகளுக்கு வேகமாக முளைக்கும், பெரியவர்களுக்கு இரண்டு வருடங்கூட எடுக்கலாம். சுகமாகிவிட்டதே என்று ஒரு நாள் பராட்டா தின்று பார்க்கிறவருக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாமலே போகலாம், குடலுக்குத் தெரியும். அதனால்தான் வருடத்துக்கு ஒரு முறை இரத்தம் கொடுக்கச் சொல்கிறார்கள்.

இன்னொரு வேலை மிஞ்சியிருக்கிறது. நோயாளியின் பெற்றோர், கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் ஆகியோரில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு இதே நோய் இருக்கும். சகோதரிகளுக்கும் மகள்மாருக்கும் இன்னும் கொஞ்சம் கூடுதல். அவர்களில் பலருக்கு எந்த அறிகுறியும் இராது. அக்காவுக்கு நோய் என்றதும் பாசத்தில் வீடே ரொட்டியை நிறுத்திவிடுவது நடக்கக்கூடியது, அக்காவின் தட்டைக் காப்பாற்ற அது நல்ல வழியும்கூட. ஆனால் தங்கச்சியின் இரத்தத்தைச் சோதிக்கும் நாள்வரை அவளுக்கு மட்டும் தனிக்கல்லில் ரொட்டி சுட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கவேண்டும். ‘இல்லை’ என்று வந்தாலும் சில வருடம் கழித்து மறுபடி பார்ப்பார்கள், ஏனென்றால் இது எந்த வயதிலும் தலைகாட்டும். மரபணுச் சோதனை செய்து டீகியூ2, டீகியூ8 இரண்டும் இல்லை என்று தெரிந்துவிட்டால் மட்டும் அந்தப் பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கிளினிக்குக்கு இழுக்கத் தேவையில்லை.